கச்சானுக்கு எதிரே 18.5 கிலோ

மச்சினனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததால் எனக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது. பெங்களூரில் அவன் ஓட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரிக் மவுன்டன் பைக். கையோடு கொண்டுபோய்விடலாம் என்றுதான் நினைத்திருக்கிறான். லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 160 வாட்-அவரைத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். இதில் இருப்பது 360. பேட்டரியை இங்கே விட்டுவிட்டு சைக்கிளை மட்டும் கொண்டுபோய் என்ன செய்வது? முன்சக்கரத்தைக் கழற்றி, காரின் பின்சீட்டை மடக்கி, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் மண்டபம் ஊர் வரைக்கும் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் இறக்கிவிட்டான். "நீங்க ஓட்டுங்க மச்சான், காசு மெதுவாக் குடுங்க" என்றான். பாதி விலைதான் சொன்னான். அந்தப் பாதியே நான் இதுவரை வாங்கிய எந்த மோட்டார் பைக்கையும் விட அதிகம் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எனக்குத் தொழில் போட் இன்ஜின் ரிப்பேர். வள்ளத்து டீசல் இன்ஜின், ஃபைபர் படகில் மாட்டும் அவுட்போர்டு, எல்லாம் பார்ப்பேன். 22 வருஷம் ஆகிறது. வலது காது கொஞ்சம் மந்தம். முழங்கால் அதைவிட மந்தம். அதனால் நடைப்பயிற்சி ஒத்துவரவில்லை. சைக்கிள் ஒத்துவரும் என்று பட்டது.

பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். மவுன்டன் பைக் சரி, மவுன்டன் எங்கே? நியாயமான கேள்வி. இந்தக் கரையில் ஏற்றம் என்று சொல்ல இருப்பது பாம்பன் சாலைப் பாலத்தின் நடு முதுகுதான், கப்பல் கீழே போவதற்காக உயர்த்திக் கட்டியது. 1988-இல் திறந்தார்கள். இன்னொன்று ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம். பேர்தான் பர்வதம், மூச்சு வாங்க ஆரம்பிக்கும் முன் உச்சி வந்துவிடும். எங்கள் பட்டறைப் பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டாரு எங்கண்ணே இருக்கு?" என்றான். அது நல்ல கேள்வி. பெடல் அச்சைச் சுற்றி, சாதாரண சைக்கிளை விடக் கொஞ்சம் தடித்திருக்கிறதே, அதற்குள்தான் இருக்கிறது. டி.க்யூ. என்ற ஜெர்மன் கம்பெனியின் எச்.பி.ஆர். 50. மோட்டாரின் எடை 1.85 கிலோ. முறுக்கு விசை 50 நியூட்டன் மீட்டர், உச்சத்தில் 300 வாட். பேட்டரி ஃபிரேமின் கீழ்க்குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது.

இந்த எண்களை வைத்துப் பார்த்தால் இது சின்ன மோட்டார். முழு பவர் ரகங்களில் பேர்போன போஷ் சி.எக்ஸ். மோட்டார் 85 நியூட்டன் மீட்டர் என்ற கணக்கில் வந்தது. அதற்கு 600, 700 வாட்-அவர் பேட்டரி போடுவார்கள். அந்த வண்டிகள் 22-இலிருந்து 25 கிலோ வரை போகும். என்னுடையது பெடலோடு சேர்த்து 18.5 கிலோ. பட்டறையில் மீன் வியாபாரியிடம் கடன் வாங்கிய தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன், பொய் இல்லை. 6 கிலோ வித்தியாசம் என்ன பெரிதா என்று முதலில் நானும் நினைத்தேன். அதற்குப் பதில் தங்கச்சிமடத்தில் கிடைத்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் நாள் காலை ஐந்தரைக்கு மரைக்காயர்பட்டினம் வரை போய் வந்தேன். சத்தமே இல்லை. பகல் முழுவதும் டீசல் இன்ஜின் தடதடவென்று அடிக்கும் இடத்தில் நிற்கிறவனுக்கு இது ஒரு தினுசான சந்தோஷம். மந்தமான காதிலும் கௌதாரி கூப்பிடுவது விழுந்தது. ஈகோ, மிட், ஹை என்று மூன்று நிலைகள் உண்டு. நான் ஈகோவில் போனேன். மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மச்சினன் ஏமாற்றிவிட்டானோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஓரிடத்தில் எதிர்க்காற்றில் வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரம் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று.

எங்கள் ஊர் மலை அந்தக் காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை, பாம்பன் பாலத்தில் ஹெல்மெட் பறந்ததைப் பார்த்திருக்கிறேன். பழைய ரயில் பாலம் ஓட்டத்தில் இருந்தவரை, காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலுக்கே சிக்னல் விழாமல் இருந்தது. வைகாசி பிறந்தால் கச்சான் காற்று ஆரம்பித்துவிடும். மேற்கும் தென்மேற்குமாக ஆவணி கடைசி வரை விடாமல் அடிக்கும்.

பிளஸ் டூ படிக்கும் மகளிடம் கணக்குப் போடச் சொன்னேன். காற்று நேர் எதிரே 30 கி.மீ. வேகத்தில் வருகிறது, நான் 20 கி.மீ. வேகத்தில் போகிறேன் என்றால் என் நெஞ்சில் அடிப்பது 50 கி.மீ. காற்று. எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். 20-க்கு 50 என்பது இரண்டரை மடங்கு, அதன் வர்க்கம் ஆறேகால். நோட்டில் இன்னும் நாலு வரி எழுதிவிட்டு, "ஏறக்குறைய அஞ்சு கிலோ எடையக் கட்டிப் பின்னாடி இழுக்குற மாதிரிப்பா" என்றாள். நான் 79 கிலோ. சைக்கிள், தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாம் சேர்த்து 100 என்று வைத்துக்கொண்டால், 100-க்கு 5. அதாவது 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறிக்கொண்டே போகும் ரோடு. அதுவும் வளைவு நெளிவு இல்லாமல், நிழல் இல்லாமல், மண்டபம் வரைக்கும். தோராயக் கணக்குதான். ஆனால் அன்றிலிருந்து யாராவது மலை எங்கே என்று கேட்டால் அந்த நோட்டைக் காட்டலாம் போலிருக்கிறது.

சரி, செட்டிங். இதில்தான் இரண்டு வாரம் ஓடியது.

முதலில் சஸ்பென்ஷன். முன்னால் ஃபோர்க்கிலும் பின்னால் ஷாக்கிலும் ஸ்பிரிங் கிடையாது, காற்றுதான். பட்டறையில் பெரிய கம்ப்ரசர் இருக்கிறது, ஆனால் அதை இதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இதன் கொள்ளளவு ஒரு சின்ன டம்ளர்தான், பின் ஷாக்கின் அழுத்தமோ லாரி டயரை விட அதிகம். மச்சினன் கொடுத்த கைபம்பில்தான் அடித்தேன். நாம் ஏறி உட்கார்ந்ததும், ஓட்டாமலே, எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் அளவு. பின்னால், அமுங்கக்கூடிய மொத்த ஓட்டத்தில் முப்பது சதவீதம், முன்னால் இருபது. என் ஷாக்கின் ஓட்டம் 55 மில்லிமீட்டர், அதில் 16, 17 அமுங்க வேண்டும். ஒரு கையால் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார, பையன் கீழே குனிந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தான். மச்சினன் என்னைவிட 15 கிலோ ஒல்லி. அவன் வைத்திருந்த காற்றில் எனக்கு 22 அமுங்கியது. இதுதான் முதல் வாரம் முழுக்கப் பாலத்து ஜாயிண்டுகளில் பெடல் மிதிக்கும்போதெல்லாம் கட்டில் போல ஆடியதற்குக் காரணம். நான்தான் மோட்டாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது டயர். ராமநாதபுரம் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு விரோதி யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், கருவை முள். சீமைக்கருவேலம் இல்லாத தரிசு இங்கே கிடையாது. கரிமூட்டத்துக்கு வெட்டி ஏற்றிப்போகும் வண்டிகள் வழியெல்லாம் முள்ளை உதிர்த்துக்கொண்டே போகும். அது செருப்பைத் தாண்டிப் பாதத்தில் ஏறும், டயர் எம்மாத்திரம். இதில் டியூப் கிடையாது. டயருக்குள் பால் மாதிரி ஒரு திரவம், சீலன்ட், ஊற்றியிருக்கிறார்கள். முள் குத்தியதும் அந்த ஓட்டையில் வந்து உறைந்துகொள்ளும். நம்பாமல்தான் போனேன். வேதாளைப் பக்கம் ஒரே காலையில் ஐந்து முள் பிடுங்கினேன். ஒவ்வொன்றுக்கும் உஸ்ஸென்று ஒரு மூச்சு, வெள்ளையாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். காற்று இறங்கவில்லை. ஆனால் இந்த வெயிலில் அந்தப் பால் சீக்கிரம் வற்றிப்போகிறது. பெங்களூரில் நாலு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும் என்று மச்சினன் சொல்லியிருந்தான். ஏழு வாரத்தில் டயரை லேசாகப் பிரித்துப் பார்த்தேன், அடியில் ரப்பர் ஏடுதான் கிடந்தது. டயருக்கு 100 மில்லி வீதம் திரும்ப ஊற்றினேன்.

காற்றழுத்தம் ரோட்டுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று. ரோட்டில் 24 பி.எஸ்.ஐ. உச்சிப்புளியில் பனங்காட்டுக்குள் புகுந்து அரியமான் கடற்கரைக்குப் போகும் தடங்களில் அதே காற்றோடு போனால், சக்கரம் கத்தி மாதிரி மணலைக் கிழித்துக்கொண்டு இறங்கும். 16-க்கு இறக்கினால் டயர் ஒட்டகத்தின் பாதம் போல விரிந்து மேலே மிதக்கிறது. முள் பயத்தில் டியூப் வைத்த சைக்கிள்காரர்கள் கல் மாதிரி காற்று அடிப்பார்கள். நானும் அப்படித்தான் 30 வருஷம் அடித்தேன்.

மணலில் இன்னொரு வித்தை மோட்டாரில் இருக்கிறது. அதன் போன் செயலியில் ஒவ்வொரு நிலைக்கும் அதிகபட்ச வாட், எவ்வளவு பங்கு உதவி, பெடல் மிதித்ததும் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று மூன்றையும் மாற்றலாம். நான் எல்லாவற்றையும் மேலே ஏற்றி வைத்துக்கொண்டு மணலில் இறங்கினேன். மிதித்ததும் மோட்டார் வெடுக்கென்று இழுத்தது, பின்சக்கரம் நண்டு மாதிரி குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்தது. நான் பக்கவாட்டில் பனைவடலியில் சாய்ந்தேன். இப்போது மிட் நிலையை மணலுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். 180 வாட், பதில் சொல்லும் வேகம் இருப்பதிலேயே குறைவு. மணல் வருவதற்குப் பத்தடி முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். உள்ளே போனபின் முழு அழுத்தத்தில் கியர் மாற்றினால் செயின் கடகடவென்று கத்துகிறது. மோட்டாரின் பலமும் அதே செயின் வழியாகத்தானே போகிறது. இன்ஜினுக்கு லோடு இருக்கும்போது கியர் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், தானே அதைச் செய்தால் பையன் சிரிக்கமாட்டானா?

ஹேண்டில்பாரில் ஒரு பித்தான் அமுக்கினால் சீட் கீழே இறங்கும், மறுபடி அமுக்கினால் ஏறும். மலைச்சரிவில் இறங்குவதற்காகக் கண்டுபிடித்தது. நான் அதைக் கைலியோடு ஏறுவதற்குப் பயன்படுத்துகிறேன். கண்டுபிடித்தவர் மன்னிக்க வேண்டும்.

இனி தங்கச்சிமடம்.

மூன்றாவது ஞாயிறு, பேட்டரி நூறு. அரிச்சல்முனை வரை போய் வந்துவிடலாம் என்று கிளம்பினேன். போக வர 80 கி.மீ. பக்கம். பாலம் தாண்டியதும் கச்சான் பின்னாலிருந்து தள்ளியது. 25 கி.மீ.க்கு மேல் மோட்டார் தானாக விலகிக்கொள்ளும். அதுதான் சட்டத்தின் எல்லையும். மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரும் பவர் (நொடிநேர உச்சம் இல்லை) 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் 25 கி.மீ.க்கும் உள்ளே இருந்தால் லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். காற்று தள்ளியதில் பாதி நேரம் 25-க்கு மேலேதான் போனேன். மோட்டாருக்கு வேலையே இல்லை. முகுந்தராயர் சத்திரம் தாண்டியபின் காற்று பக்கவாட்டில் வந்தது. ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து மணலை வாரி ரோட்டின் குறுக்கே கோடு கோடாகப் போட்டிருந்தது, பெண்கடல் என்கிற பாக் நீரிணைப் பக்கம் தண்ணீர் தட்டுப்போல் கிடந்தது. அங்கே ரோட்டை விட்டுக் கீழே இறங்கவில்லை. 2025-இல் தனுஷ்கோடியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், அந்தக் கரையில் ஆமை முட்டையிடும் இடங்களும் உண்டு. மணல் டயர் இருக்கிறது என்பதற்காக எல்லா மணலும் நமக்கில்லை. 1964 புயலில் போன சர்ச்சின் சுவர் ஓரம் நின்று தண்ணீர் குடித்தேன். முனையில் போய்த் திரையைப் பார்த்தால் பேட்டரி 86. மனசுக்குள் ராஜா மாதிரி இருந்தது. இந்த மோட்டார் சாப்பிடவே சாப்பிடாது போலிருக்கிறதே என்று மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

திரும்பி மிதித்தேன். அதற்குள் மணி ஒன்பதரை. வெயில் ஏற ஏறக் கச்சானும் ஏறும், அது இந்தக் கரையில் பிறந்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் சைக்கிளில் ஏறியதும் மறந்துபோனது. ஹை நிலையில் வைத்தும் 17, 18-க்கு மேல் ஏறவில்லை. கி.மீ.க்குப் பத்து வாட்-அவருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ராமேஸ்வரம் வரும்போது பேட்டரியில் கால்வாசிகூட இல்லை. தங்கச்சிமடம் சர்ச் தாண்டியதும் திரை சிவந்தது, ஒரு டீக்கடை எதிரே மோட்டார் நின்றது. மிச்சம் பத்துப் பன்னிரண்டு கி.மீ., நடுவில் பாலம்.

டீ குடித்துவிட்டு மிதித்துப் பார்த்தேன். போனது. மெதுவாக, 11, 12 கி.மீ. வேகத்தில், ஆனால் போனது. இந்த மோட்டார் நின்றுவிட்டால் கால் அதையும் சேர்த்துச் சுற்ற வேண்டிய பாரம் இல்லை, சாதாரண சைக்கிள் ஆகிவிடுகிறது. கனமான சைக்கிள்தான், ஆனால் சைக்கிள். 25 கிலோ வண்டியாக இருந்திருந்தால் நான் பாம்பனில் குட்டியானைக்குப் போன் போட்டிருப்பேன். பாலத்து முதுகில் மட்டும் இறங்கித் தள்ளினேன். அகலமான ஹேண்டில்பார் காற்றில் பாய் மாதிரி பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் பக்கம் இழுத்தது. ஜன்னல் வழியாகக் கை காட்டிய சுற்றுலாக்காரர்களுக்கு நான் ரசித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியிருக்கும்.

மறுநாள் பட்டறைக்கு வந்த பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். பாய் விரித்து வள்ளம் ஓட்டிய காலத்து ஆள். "போறப்ப எப்புடி இருந்துச்சு தம்பி?" என்றார். "பறந்த மாதிரி இருந்துச்சுண்ணே." "அப்பவே தெரிய வேணாமா?" என்று சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பில்லில் 100 ரூபாய் குறைக்கவும் சொன்னார்.

இப்போது கச்சான் காலத்தில் மேற்கே போகிறேன். பேட்டரி நிறைந்திருக்கும்போது காற்றுக்கு எதிரே வேதாளை, உச்சிப்புளி என்று போய்விட்டு, அலுத்தபின் காற்றோடு வீட்டுக்கு வருவது. 40 கி.மீ. போய் வந்தும் முப்பது சதவீதம் மிஞ்சுகிறது. ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பியதும் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். சார்ஜ் செலவு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: முழுதாக ஏற்ற அரை யூனிட்கூட ஆகாது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் மெக்கானிக்கே இல்லை. இந்தக் கரையில் இரும்பை யாரும் ஓட்டித் தேய்ப்பதில்லை, உப்புதான் தின்கிறது. தனுஷ்கோடி போய்வந்த மறுநாள் காலை செயினில் மஞ்சள் பூத்திருந்தது, ஒரே ராத்திரியில். அவுட்போர்டு என்றால் கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவ வேண்டும் என்பது பாடம். சைக்கிளுக்கும் அதேதான். ஆனால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? போர் தண்ணீர் உப்பு, அதில் கழுவினால் கழுவாமலே இருக்கலாம். குடிதண்ணீர் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். முதல் தடவை ஒரு குடத்தைச் சைக்கிள் மேல் சாய்த்ததை வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "ஏங்க, அதுக்கும் தாகமா?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

இப்போது அரிசி களைந்த தண்ணீருக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு சொம்பு கணக்கு. ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்கிறேன், கடைசியில் செயின். பிரஷர் வாட்டர் அடிப்பது கூடாது, பேரிங்குக்குள் உப்பை நாமே ஊசி போட்டு ஏற்றுவது போல. பேட்டரி ஒயர் முனைகளில் போட் ஒயரிங்குக்குப் போடும் மின்கடத்தாக் கிரீஸ் லேசாகத் தடவியிருக்கிறேன். அலுமினிய ஃபிரேமில் ஏறும் எஃகு போல்ட் ஒவ்வொன்றையும் கழற்றி, பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பசை தடவி, மறுபடி டார்க் ரெஞ்சில் முறுக்கினேன். எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் தானே ஒரு பேட்டரி ஆகிவிடும், அலுமினியம் கரையும். படகில் துத்தநாகக் கட்டி வைப்பது இதற்குத்தான். செயினுக்கு எண்ணெயை நிறுத்திவிட்டு மெழுகுக்கு மாறினேன். எண்ணெய் போட்டால் மணல் ஒட்டிக்கொண்டு அரம் மாதிரி பல்லைத் தின்கிறது. பேட்டரியை ராத்திரி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறேன், சைக்கிளோடுதான். தகரக் கூரைப் பட்டறைச் சூடு அதற்கு ஆகாது. சாமி ரூமுக்கு வெளியே நிற்கிறது, மகள் அதற்கும் திருநீறு பூசிவிட்டாள்.

ஹேண்டில்பார் 780 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் பத்துப் பத்து அறுக்கலாம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன், பாலத்துக் காற்றுக்காக. பைப் அறுக்கும் வாளை எடுத்தபோது பையன், "மச்சினன் மாப்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமேண்ணே, காசு இன்னும் குடுக்கலயில்ல" என்றான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். கேட்டுவிட்டு அறுக்கிறேன்.